ஏர்பேக் வேலையை யாரிடம் கொடுப்பது? சர்வீஸ் சென்டர், வெளிப்பட்டறை, பழைய உதிரிக் கடை, ரீசெட் கடை: ஒரு மதிப்பீடு

காரில் ஏர்பேக் வேலை என்று வந்தால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். விபத்தில் பை விரிந்துவிட்டது, மாற்ற வேண்டும். அல்லது எந்த விபத்தும் இல்லாமல் மீட்டரில் அந்தச் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அணைய மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நம் ஊரில் நான்கு வாசல்கள் இருக்கின்றன: கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் கருவி வைத்து வேலை செய்யும் வெளிப்பட்டறை, அடிபட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய உதிரியை விற்கும் கடை, ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவை மட்டும் வாங்கி 'ரீசெட்' செய்து தரும் எலக்ட்ரானிக்ஸ் கடை. நான்கையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம். கடைப் பெயர்கள் இல்லை. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒரு கிளை நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம் என்பதால், பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்ப்பதுதான் பயன்.

இந்தியாவில் புதிய கார்களுக்கு ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் 2022 தொடக்கத்திலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. அந்த வண்டிகள் இப்போது உத்தரவாதக் காலம் முடிந்து வெளிப்பட்டறைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. விளக்கு எரியும் புகார்கள் இனி கூடத்தான் செய்யும்.

எதை வைத்து எடை போடுகிறோம்

துணிப்பைக்குப் பின்னால் ஓர் உலோகக் குடுவை இருக்கிறது. பையை நிரப்பும் வாயு அதிலிருந்துதான் வருகிறது; இன்ஃப்ளேட்டர் என்பார்கள். அதன் நடுவில் சுண்டுவிரல் நுனியளவில் மின்சாரத்தால் தூண்டப்படும் ஒரு பற்றவைப்பான். பட்டறைப் பேச்சில் ஸ்க்விப். அதற்கு இரண்டே பின்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த இரண்டு பின்களுக்கு இடையே மின்தடை ஏறக்குறைய 2 ஓம். முழு அமைப்பின் உயிரும் இந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் ஈசியூ ஒவ்வொரு சுற்றுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அந்தத் தடையை அளக்கிறது. பற்றவைக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு குறைந்த மின்னோட்டம் அது. ஓட்டும்போதும் இந்தக் கண்காணிப்பு நிற்பதில்லை. தடை கூடினால் 'ஓபன்' அல்லது 'ஹை ரெசிஸ்டன்ஸ்', குறைந்தால் 'ஷார்ட்', பாடியோடு தொட்டால் 'கிரவுண்ட் ஷார்ட்' என்று கோளாறு எண் பதிவாகும், விளக்கு எரியும். மோதல் நடந்தால் ஈசியூவுக்குள் இருக்கும் இரண்டு தனித்தனி சுவிட்சுகள், ஸ்க்விப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, சேர்ந்து மூடினால்தான் மின்சாரம் பாயும். ஒரு சென்சார் தப்பாகக் கத்தினால் மட்டும் பை விரியாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மோதலை உணர்வதிலிருந்து பை நிரம்புவது வரை எல்லாம் சேர்ந்து ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிவிநாடி அளவில் முடிந்துவிடும். மோதலில் பேட்டரி வயர் அறுந்துபோனாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக ஈசியூவுக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று, விளக்கு அணைந்திருப்பது 'ஈசியூவுக்கு 2 ஓம் தெரிகிறது' என்பதற்கான சான்று மட்டுமே. அந்த 2 ஓமுக்குப் பின்னால் உண்மையான இன்ஃப்ளேட்டர் இருக்கிறதா என்பது ஈசியூவுக்குத் தெரியாது. இரண்டு, பேட்டரியைக் கழற்றிய உடனே அந்தச் சுற்றில் கை வைக்கக் கூடாது. கெப்பாசிட்டர் காலியாக நேரம் வேண்டும். டொயோட்டா கையேடுகள் 90 விநாடி என்கின்றன, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. எந்த வண்டி என்று தெரியாவிட்டால் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருப்பது நல்லது. காத்திருக்காத மெக்கானிக்கிடம் மற்ற எந்தத் திறமை இருந்தாலும் ஏர்பேக் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மஞ்சள் கனெக்டர்

பட்டறையின் தரத்தை ஐந்தே நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும் இடம் இது. ஏர்பேக் சுற்றின் வயர்களும் கனெக்டர்களும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கனெக்டரைப் பிடுங்கியதும் அதற்குள் இருக்கும் ஒரு மெல்லிய உலோக ஸ்பிரிங் தகடு இரண்டு பின்களையும் தானாக இணைத்துவிடும். இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டால் உடலிலிருந்து வரும் நிலைமின்சாரமோ, தவறுதலாக எங்கிருந்தோ வரும் மின்னழுத்தமோ ஸ்க்விப்புக்குள் புகாது. மறுபடி செருகும்போது பிளாஸ்டிக் நாக்கு ஒன்று அந்தத் தகட்டைத் தள்ளி விலக்கும்.

நடப்பது என்ன? கனெக்டருக்கு இரண்டு பூட்டு உண்டு: முதலில் செருக வேண்டும், பிறகு இரண்டாவது பூட்டை 'கிளிக்' என்று அமுக்க வேண்டும். அவசரக்காரர்கள் முதல் படியோடு விட்டுவிடுவார்கள். பாதி செருகிய கனெக்டரில் தகடு முழுதாக விலகாது. ஈசியூவுக்கு 'ஷார்ட்' தெரியும். 'புது ஏர்பேக் போட்டும் விளக்கு அணையவில்லை, பார்ட்டே டிஃபெக்ட்' என்று இன்னொரு ஏர்பேக்குக்கு ஆர்டர் போடும் கதைகளில் பல இந்த ஒரு பூட்டில்தான் முடிகின்றன. இன்னொரு வகை, ஊசியோ பேப்பர் கிளிப்போ விட்டு நோண்டிச் சோதிப்பது. அந்த ஸ்பிரிங் தகடு வளைந்துவிட்டால் கனெக்டர் அதோடு போயிற்று. அடுத்த முறை பிடுங்கும்போது பாதுகாப்பு இருக்காது.

ஸ்க்விப்பின் பின்களில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்கவே கூடாது. மீட்டர் எவ்வளவு மின்னோட்டம் விடும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எந்தக் கம்பெனிக் கையேடும் இதை அனுமதிப்பதில்லை. சரியான முறை, ஏர்பேக்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பெனி கொடுக்கும் சோதனைத் தடையை, அதாவது ஸ்க்விப்புக்குப் பதிலாகப் போடும் டம்மியைப் பொருத்தி, ஸ்கேனரில் கோளாறு போகிறதா என்று பார்ப்பது. போய்விட்டால் பழுது ஏர்பேக்கில். போகாவிட்டால் வயரிங்கில் அல்லது ஈசியூவில். இந்த ஒரு சோதனையைச் செய்யத் தெரிந்த பட்டறை, செய்யத் தெரியாத பட்டறையைவிட உங்களுக்குப் பெரும் பணத்தை மிச்சப்படுத்தும். சோதனை முடிந்ததும் டம்மி வண்டியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கழற்றிய ஏர்பேக்கை எப்படி வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். லோகோ இருக்கும் முகம் மேலே பார்க்க, உலோக முதுகு கீழே இருக்க, மேலே எதுவும் வைக்காமல் தனி இடத்தில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், தற்செயலாக விரிந்தால் மொத்தப் பொருளும் கூரைக்குப் பறக்கும். தூக்கிச் செல்லும்போது முகம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், வயரைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்

விரிந்த ஏர்பேக்கை மாற்ற இதைத்தான் பரிந்துரைக்கிறோம். காரணம் உதிரி. இன்ஃப்ளேட்டர் எந்த நாளில் தயாரானது, எந்த வண்டிக்கானது என்ற தடம் கம்பெனி வழியாக வரும் உதிரிக்கு மட்டுமே உறுதியாக இருக்கும். வண்டிக்கேற்ப ஈசியூவை கோடிங் செய்யும் மென்பொருளும் அவர்களிடம் இருக்கும்.

ஆனால் அங்கேயும் பில்லை வரிக்கு வரி படிக்க வேண்டும். முன்பக்க மோதலில் இரண்டு பையும் விரிந்த வண்டிக்குப் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: ஓட்டுநர் ஏர்பேக், பயணி ஏர்பேக், ஏர்பேக் ஈசியூ, முன் சீட் பெல்ட்டுகள் இரண்டு, டேஷ்போர்டு, கண்ணாடி உடைந்திருந்தால் முன் கண்ணாடி, பம்பருக்குப் பின்னால் இருக்கும் மோதல் சென்சார்கள், ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக்குக்கு இணைப்புத் தரும் கிளாக் ஸ்பிரிங். வண்டியைப் பொறுத்து இதில் ஒன்றிரண்டு மாறலாம். பெல்ட் மட்டும் விடுபடக் கூடாது. மோதலில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனருக்குள்ளும் இதே மாதிரி ஒரு ஸ்க்விப் உண்டு. ஒருமுறை வேலை செய்தால் அதன் ஆயுள் முடிந்தது. பார்வைக்கு பெல்ட் நன்றாகவே இருக்கும். இன்சூரன்ஸ் சர்வேயர் 'பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது' என்று அடித்துவிட்டால், ஸ்கேனர் அறிக்கையில் பிரீடென்ஷனர் சுற்று என்ன காட்டுகிறது என்பதை அச்செடுத்து கிளெய்மோடு வைக்கச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டு விஷயத்தில் சர்வீஸ் சென்டரும் சில சமயம் வளைந்துகொடுக்கும். பயணி ஏர்பேக் விரியும்போது டேஷ்போர்டு எங்கே கிழிய வேண்டும் என்று உள்பக்கம் ஒரு மெல்லிய கோடு முன்கூட்டியே வடிவமைக்கப்பட்டிருக்கும். கிழிந்த டேஷ்போர்டை ஃபைபரும் பட்டியும் போட்டு ஒட்டி, மேலே ரெக்சின் இழுத்தால் அந்தக் கோடு செத்துவிடும். அடுத்த விபத்தில் பை தாமதமாக வரும், இல்லாவிட்டால் பட்டித் துண்டுகளையும் சேர்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். ஒட்டிய டேஷ்போர்டை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். முன் கண்ணாடியும் அப்படித்தான். பல வண்டிகளில் பயணி ஏர்பேக் கண்ணாடியில் மோதித் திரும்பித்தான் தன் வடிவத்துக்கு வருகிறது. கண்ணாடியை ஒட்டும் பசை முழுதாக இறுகாமல் வண்டியை டெலிவரி எடுத்தால் அந்தத் தாங்குதல் இல்லை. எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று பசை டப்பாவிலேயே போட்டிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டர்மேல் நாங்கள் வைக்கும் குறை, விளக்கு எரியும் புகாரில். அங்கே பெரும்பாலும் முதல் பதில் 'முழு செட் மாற்ற வேண்டும்' என்பதுதான். இருக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்தால் தீரும் பழுதுக்கு ஈசியூவையே மாற்ற விலை சொல்வது நடக்கிறது. கோளாறு எண்ணையும், எந்தச் சுற்று, கூடிய தடையா குறைந்த தடையா என்பதையும் எழுத்தில் வாங்காமல் எந்த உதிரிக்கும் சம்மதிக்காதீர்கள். விரிந்த ஏர்பேக் மாற்றத்துக்கு 5-க்கு 4.5 கொடுக்கலாம், விளக்குப் புகாருக்கு 3.

ஸ்கேனர் வைத்திருக்கும் வெளிப்பட்டறை

விளக்குப் புகாருக்கு, நல்ல வெளிப்பட்டறைதான் எங்கள் முதல் தேர்வு. ஏனென்றால் இந்தப் பழுதுகளில் பெரும்பங்கு மூன்றே இடங்களில் இருக்கிறது, மூன்றுக்கும் பொறுமைதான் முக்கிய உதிரி.

முதலாவது, முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர். இருக்கை முன்பின் நகர வயர் இழுபடும். உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் இடிக்கும். வாட்டர் வாஷில் உள்ளே அடித்த தண்ணீர் பின்களில் பச்சை பூக்க வைக்கும். சுற்றின் மொத்தத் தடையே 2 ஓம் அளவுதான் என்பதால், பின்னில் ஒன்றிரண்டு ஓம் கூடினாலே ஈசியூ கோபித்துக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, பின்கள் தளர்ந்திருந்தால் மாற்றி, வயருக்குச் சற்று இளக்கம் விட்டுக் கட்டினால் முடிந்தது.

இரண்டாவது, எலி. ஏர்பேக் வயரை எலி கடித்திருந்தால் முறுக்கி டேப் சுற்றும் வேலை கூடவே கூடாது. முறுக்கின இணைப்பின் தடை மாதக்கணக்கில் மெல்ல ஏறும். குலுங்கும்போது விட்டு விட்டு இணையும். கம்பெனி அனுமதிக்கும் இடத்தில் அவர்கள் சொல்லும் கிரிம்ப் (உலோகக் குழலை அழுத்தி இறுக்கும்) இணைப்பு, அனுமதிக்காத இடத்தில் முழு ஹார்னெஸ், அதாவது வயர் கட்டு மாற்றம். இரண்டைத் தவிர மூன்றாவது வழி இல்லை.

மூன்றாவது, கிளாக் ஸ்பிரிங். சில மெக்கானிக்குகள் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். ஸ்டியரிங் சுற்றும்போதும் ஏர்பேக்குக்கு இணைப்பு அறுபடாமல் இருக்க, ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டிக்குள் கேசட் நாடா போலச் சுருண்டிருக்கும் ரிப்பன் கேபிள் அது. ஹாரனும் ஸ்டியரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களும் அதே ரிப்பனில்தான் போகின்றன. ஆகவே ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் விட்டு விட்டு அடித்தால், திருப்பும்போது ஸ்டியரிங்குக்குள் காகிதம் உரசுவது போலச் சத்தம் வந்தால், வேறு எதையும் தொடும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை மாற்றுவதில்தான் கைத்தேர்ச்சி வேண்டும். முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிக் காத்திருந்து, ஏர்பேக்கை எடுத்து, ஸ்டியரிங் நட்டைத் தளர்த்தும் முன் ஸ்டியரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு குறி போட வேண்டும். புது கிளாக் ஸ்பிரிங் நடு நிலையில் பூட்டப்பட்டு, ஒரு ஸ்டிக்கரோ பின்னோ குத்தி வரும்; பொருத்தி முடிக்கும் வரை அதை எடுக்கக் கூடாது. யாராவது எடுத்துவிட்டால், மெதுவாக ஒரு பக்கம் தட்டும் வரை சுற்றி, அங்கிருந்து எதிர்த்திசையில் சுமார் இரண்டரைச் சுற்று திருப்பி, பெட்டியில் இருக்கும் அம்புக்குறிகள் நேருக்கு நேர் வர வைக்க வேண்டும். சுற்றின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும், அம்புக்குறிதான் கடைசிச் சொல். ஒரே ஒரு சுற்று தவறினாலும் வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். யூ டர்னில் ஒருநாள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது ரிப்பன் இழுத்து அறுந்துவிடும்.

ஸ்டியரிங் ரேக்கிலோ ஸ்டியரிங் தண்டிலோ வேலை செய்த பிறகு ஏர்பேக் விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: தண்டைக் கழற்றிய நிலையில் யாரோ ஸ்டியரிங்கைச் சும்மா சுற்றியிருப்பார்கள். ரேக் வேலைக்கு வண்டியை விடும்போதே, ஸ்டியரிங்கை நேராக வைத்து சீட் பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டிவிடச் சொல்லுங்கள்.

பிராண்ட் பெயர் இல்லாத மலிவு கிளாக் ஸ்பிரிங்குகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஹாரனும் பட்டனும் வேலை செய்யும், விளக்கும் அணையும். ஆனால் ரிப்பன் மெலிதாக இருந்தாலோ, முனையில் பற்றுவைப்பு சரியில்லாவிட்டாலோ வெயிலில் நின்று சூடான வண்டியில் தடை கூடி மறுபடி பழுது வரும். வழக்கமாக விளக்கு மதியத்தில் எரிந்து காலையில் அணையும். கம்பெனி உதிரி இரண்டு மடங்கு விலை இருந்தாலும் அதுவே சரி.

டிங்கரிங் பட்டறைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் சப்போர்ட்டில் இருக்கும் மோதல் சென்சாரை வளைந்த பிராக்கெட்டிலேயே மாட்டுவது, திசை மாற்றி மாட்டுவது, சென்சாரின் இருக்கையில் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் நடக்கிறது. அதேபோல நடு கன்சோலுக்கு அடியில் இருக்கும் ஈசியூவின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது வண்டியின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும், போல்ட்டுகள் சொன்ன அளவு முறுக்கில் இருக்க வேண்டும். ஈசியூவை போல்ட் போடாமல் தரையில் கிடக்கவிட்டு இக்னிஷனைப் போடுவது ஆபத்து. உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஒரு தட்டும் மோதலாகத் தெரியலாம்.

நல்ல வெளிப்பட்டறைக்கு, விளக்குப் புகாருக்கு 5-க்கு 4.5. ஏர்பேக் சுற்றைப் படிக்காத, எஞ்சின் கோளாறு மட்டும் காட்டும் மலிவு ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது.

பழைய உதிரிக் கடை

பழைய வண்டி உதிரிகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவு, விளக்கு, கண்ணாடி, கியர்பாக்ஸ் வரை அங்கே வாங்குவதில் தவறே இல்லை. ஏர்பேக்கையும் பிரீடென்ஷனர் பெல்ட்டையும் மட்டும் எந்த ஊரிலும் பழையதாக வாங்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

உள்ளே இருக்கும் வாயு உருவாக்கும் பொருளுக்கும் ஸ்க்விப்புக்கும் ஈரம்தான் எதிரி. அந்த ஏர்பேக் வந்த வண்டி 2015 சென்னை வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலோ ஸ்டியரிங் வரை மூழ்கியிருந்ததா என்று வெளியே பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஏர்பேக் தயாரித்த ஜப்பானிய நிறுவனம் டகாட்டாவின் கதையை நினைவில் வையுங்கள். அமோனியம் நைட்ரேட்டை வாயு உருவாக்கப் பயன்படுத்திய அந்த நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில், ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காதவை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து சீரழிந்தன. விரியும்போது அளவுக்கு மீறிய அழுத்தத்தில் குடுவையே உடைந்து உலோகத் துண்டுகள் பறந்தன. உயிர்கள் போயின. வாகன வரலாற்றின் மிகப் பெரிய திரும்ப அழைப்பாக அது வளர்ந்து, 2017-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்தியாவிலும் பல மாடல்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் கடற்கரை ஊர்களின் தட்பவெப்பம் அந்தச் சீரழிவுக்கு ஏற்றதே. பழைய உதிரியாக வரும் ஏர்பேக் அந்தப் பட்டியலில் இருந்த வண்டியிலிருந்து கழற்றியதாகக்கூட இருக்கலாம். உங்கள் வண்டி 2015-க்கு முந்தையது என்றால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி இணையதளத்தில் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாற்றம் இலவசம்.

போலிகளின் நிலை இதைவிட மோசம். அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2012-லேயே போலி ஏர்பேக்குகளைப் பற்றி எச்சரித்தது: சோதனையில் சில விரியவே இல்லை, சிலவற்றிலிருந்து உலோகத் துண்டுகள் சிதறின. 2024 ஜூலையில் மறுபடி எச்சரிக்கை வந்தது. விபத்துக்குப் பின் தரமற்ற மலிவு இன்ஃப்ளேட்டர் மாட்டப்பட்ட வண்டிகளில், தப்பித்திருக்க வேண்டிய விபத்துகளில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். மேலே ஒட்டிய லோகோவும் கவரும் அச்சு அசலாக இருக்கும். புரட்டிப் பார்த்தால் பின்பக்க லேபிளில் பார்கோடு இல்லாமல் இருக்கும், அல்லது இரண்டு படியாக விரியும் ஏர்பேக்குக்கு இரண்டு கனெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும்.

கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரையும் நம்பாதீர்கள். மின்சாரத்தால் தூண்டப்படும் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐக்கிய நாடுகள் ஆபத்துப் பொருள் பட்டியலில் 3268 என்று தனி எண்ணே இருக்கிறது. முறையாக அனுப்புகிறவர் பெட்டியில் அதை ஒட்டி, ஒன்பதாம் வகுப்பு ஆபத்துப் பொருளாக அனுப்ப வேண்டும். 'ஸ்டியரிங் கவர்' என்று எழுதி அனுப்புகிறவர் வேறு எதிலும் நேர்மையாக இருக்கப்போவதில்லை. இந்த வாசலுக்கு மதிப்பெண் கொடுக்க மனமில்லை.

ரீசெட் கடை

விபத்தில் பை விரிந்ததும் ஈசியூ தன் நினைவகத்தில் அந்த மோதலைப் பூட்டிவிடும். சாதாரண ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. கம்பெனிகள் பெரும்பாலும் ஈசியூவை மாற்றச் சொல்லும். ரீசெட் கடைகள் நினைவகத்தில் இருக்கும் அந்தப் பதிவை அழித்து, மலிவு விலையில் திருப்பித் தருகின்றன. வேலை செய்கிறதா என்று கேட்டால், விளக்கு அணைகிறது. ஆனால் மோதலின் அதிர்ச்சியை வாங்கிய அந்தப் பலகையின் பற்றுவைப்புகள், உள் சென்சார், ஒருமுறை ஸ்க்விப்புக்கு மின்சாரம் பாய்ச்சிய சுவிட்சுகள், கெப்பாசிட்டர் ஆகியவை அடுத்த முறை அந்த 50 மில்லிவிநாடியில் சரியாக நடக்கும் என்று யாரும் சோதித்துக் காட்டுவதில்லை. அவர்களிடம் அந்தச் சோதனைக் கருவியும் இல்லை. தண்ணீரில் மூழ்கிய ஈசியூவை உலர்த்தி ரீசெட் செய்வது இன்னும் தவறு. வெள்ளம் இருக்கை அடி வரை வந்தாலே நடு கன்சோலில் இருக்கும் ஈசியூ நனைந்திருக்கும்.

இதே கடைகளில் சில இன்னொரு வேலையும் செய்கின்றன. ஏர்பேக் வாங்கப் பணம் இல்லாதவருக்கு, கனெக்டரில் சுமார் 2 ஓம் தடை ஒன்றைச் செருகி மேலே வெறும் கவரை மூடிவிடுவது. ஈசியூவுக்கு 2 ஓம் தெரிகிறது, விளக்கு அணைகிறது, ஸ்கேனரும் 'கோளாறு இல்லை' என்கிறது. உள்ளே பையும் இல்லை, குடுவையும் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதை ஸ்கேனரால் பிடிக்க முடியாது. கவரைத் திறந்து, ஏர்பேக்கின் பின்பக்க லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

அதைவிடக் கச்சாவான ஏமாற்று ஒன்று உண்டு, அதைப் பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, பெரும்பாலான வண்டிகளில் 6 விநாடி அளவில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். அணையாமல் இருந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால், அதன் வயரை ஆயில் விளக்கோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த வண்டியின் விலையைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

துணைப் பொருள்கள் சில

சீட் கவர் கடைக்காரரிடம், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் இறுக்கமாகத் தைத்து மூடிவிடுவார். அந்தப் பக்கம் திறந்திருக்கும், அல்லது எளிதில் பிரியும் தையல் போட்ட கவர்தான் வாங்க வேண்டும். டேஷ்போர்டில் பயணி ஏர்பேக்குக்கு மேலே ஒட்டும் சாமி சிலையும் சென்ட் பாட்டிலும், பை விரியும்போது நேராக மனிதர்மேல்தான் வரும். நடுவிலோ ஓரத்திலோ வைத்துக்கொள்ளலாம். பெல்ட் அலாரத்தை அடக்கும் கிளிப்புகளை இணையக் கடைகளிலிருந்து நீக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் உத்தரவிட்டது. ஏர்பேக் என்பது பெல்ட் போட்ட உடம்புக்காக வடிவமைக்கப்பட்டது. பெல்ட் இல்லாத உடம்பு பை விரிந்து முடியும் முன்பே அதன் மேல் போய் விழும். பம்பருக்கு முன்னால் மாட்டும் புல் பார், சென்சாருக்குப் போகும் அதிர்வின் வடிவத்தையே மாற்றிவிடும். அதைத் தடைசெய்து மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது.

பில்லும் இன்சூரன்ஸும்

சாதாரண முழுக் காப்பீட்டில் தேய்மானக் கணக்கு வரும்போது ஏர்பேக்குக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். டயர், பேட்டரி, பிளாஸ்டிக் உதிரிகளோடு சேர்த்து அதே வரிசையில்தான் இருக்கிறது. புது வண்டியாக இருந்தாலும் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் இணைப்பு எடுத்திருந்தால்தான் இது தப்பும். வண்டியைச் சரிசெய்யும் மொத்தச் செலவு காப்பீட்டு மதிப்பான ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். சற்று வயதான சிறிய கார்களில் இரண்டு ஏர்பேக், டேஷ்போர்டு, ஈசியூ, பெல்ட் எல்லாம் சேர்ந்தாலே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். மலிவு உதிரியைப் போட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருகிறோம் என்று பட்டறை சொன்னால், முழு இழப்புத் தொகையை வாங்கிக்கொள்வதே மேல்.

வண்டியை எடுக்கும்போது கையில் வாங்க வேண்டியவை: புது ஏர்பேக், பெல்ட், ஈசியூ ஒவ்வொன்றின் உதிரி எண்ணும் தொடர் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். மாட்டும் முன் பின்பக்க லேபிளை எடுத்த படம் ஒன்று. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனர் அறிக்கை. விரிந்துபோன பழைய பையையும் பெல்ட்டையும் நேரில் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். விரியாமல் கழற்றிய பழைய ஏர்பேக் ஏதாவது இருந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பட்டறையே முறைப்படி அப்புறப்படுத்தியதாக வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.